ஏட்டின் பன்மையும் பாடத்தின் ஒருமையும்

மட்டக்களப்புத் தமிழரின் இலக்கிய வரலாற்றை ஆராய்வோர் நூல்களின் காலத்தையும் ஆசிரியரையும் பற்றியே பெரிதும் விவாதிப்பர். அந்நூல்கள் எங்கு, எத்தனை படிகளாக, யார் பொறுப்பில் இருந்தன என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. கண்ணகி வழக்குரையைப் பொறுத்தவரை இவ்வினாவே முதன்மையானது எனலாம்.

வாவிக்குக் கிழக்கே கடற்புறம் எழுவான்கரை. மேற்கே வயற்புறம் படுவான்கரை. இருகரையிலும், தெற்கே காரைதீவு, தம்பிலுவில் வரையிலும் கண்ணகி கோயில்கள் பரந்துள்ளன. வைகாசிச் சடங்கிற் கதவு திறந்து, வழக்குரை படித்து, குளிர்த்தியுடன் நிறைவு செய்தல் மரபு. படிப்பதற்கு ஏடு வேண்டும். ஆதலின் ஏடுகள் ஊர்தோறும் பரவின. மண்முனைத் துறைக்குப் பாலம் வந்தது 2014இலேயே. அதுவரை அங்கு வாவியைக் கடக்கத் தோணியும் பாதையுமே துணை. ஒரு கரையின் ஏட்டோடு ஒப்புநோக்கிய பின்னரே மறுகரையிற் படிக்கலாம் என்றொரு நியதி இருந்திருப்பின் சடங்குகள் பலமுறை தடைப்பட்டிருக்கும். அத்தகைய நியதியை எவரும் விதிக்கவில்லை.

இதற்குரிய விலை பாடபேதம். பெயர்த்தெழுதுவோர் ஒரு சொல்லை விடுவர், மற்றொன்றைப் புகுத்துவர். ஓர் ஏட்டின் வழு அதன் வழிவந்த ஏடுகளுக்கெல்லாம் செல்லும். ஆயினும், ஆண்டுதோறும் பலர் முன்னிலையிற் படிக்கப்படும் ஏட்டில் ஓலை முறிந்திருந்தால் அவ்வாண்டே தெரிந்துவிடும். பெட்டியுட் கிடக்கும் ஏட்டுக்கு அந்தப் பேறு இல்லை.

யாழ்ப்பாணப் பொது நூலகம் இதற்கு மறுதலையான ஏற்பாடு. ஓரிடத்தில் யாவும் திரண்டிருந்தமை ஆய்வாளருக்குப் பெருவசதியே. 1981இல் அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத சுவடிகள் மீளவேயில்லை. ஆனாற் பரவலும் தன்னளவிற் காப்பாகாது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை கடற்புறத்தையே தாக்கியது. எழுவான்கரையில் மட்டும் பத்துப் படிகள் இருந்தால், அத்தகைய நாளில் அவை ஒரு படிக்கே சமம். 1978 நவம்பர்ச் சூறாவளியோ இருகரையையும் விட்டுவைக்கவில்லை.

கணினித்துறையினர் இச்சிக்கலைப் பிற்காலத்தில் வரையறுத்தனர். பல இடங்களிற் படிகளை வைக்கும் தரவுக் களஞ்சியத்தில் இணைப்பு அறுந்துவிட்டால், ஒவ்வோரிடமும் தன் படியைக்கொண்டு விடையளித்து முரண்பாட்டை ஏற்கவேண்டும். அன்றேல் ஒருமையைப் பேணி வாய்மூடி இருக்கவேண்டும். 2000இல் எரிக் புரூவர் முன்வைத்த இக்கருத்தை 2002இற் கில்பேட், லிஞ்ச் ஆகிய இருவரும் நிறுவினர். வழக்குரை படித்தோர் முதல் வழியையே மேற்கொண்டிருந்தனர், சடங்கு காத்திராதல்லவா!

1968இல் வி. சீ. கந்தையா வழக்குரையைப் பதிப்பித்தார். அது பெரும்பணி என்பதில் ஐயமில்லை. ஆயின் அச்சுநூல் கைக்கு வந்தபின் ஓலையைப் பெயர்த்தெழுதும் தேவை குறைந்துவிடுகின்றது. ஊர்ப்பாடங்கள் கவனிப்பாரற்றுப் போகின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் போன்ற எண்ணிம முயற்சிகள் இன்று இடநெருக்கடியைப் பெரிதும் போக்கியுள்ளன. எனவே ஏடுகளை ஒன்றாக்கித் திருத்திய பாடத்தை மட்டும் சேமிப்பதற்கு இனி நியாயமில்லை. ஒவ்வோர் ஏட்டையும் அதன் வழுக்களுடனும் ஊர்ப்பெயருடனும் படமெடுத்து, அப்படங்களின் படிகளை இக்கரையோரத்துக்கு அப்பாலும் வைத்தல் வேண்டும். அதற்குரிய முதல்வேலை, எந்தக் கோயிலில் எந்த ஏடு எஞ்சியுள்ளது என்னும் பட்டியலை அடுத்த வைகாசிக்குள் ஆக்குதலே.