கினபாலுவுக்கு வழி கேட்டவர்கள்

சபாவின் மேற்குக் கரையில் வைகறை வேளையில் நிற்பவர்க்குக் கினபாலு மலை முடிமுதல் அடிவரை தெளிவாகத் தெரியும். கதிரவன் மேலேற மேகம் திரண்டு வந்து அதனை மூடிக்கொள்ளும். அக்கடல்வழிச் சென்ற மாலுமிகள் அனைவரும் கண்ட காட்சி இது. 1840களில் அக்கடற்பகுதியை அளந்த எட்வர்ட் பெல்ச்சர் என்னும் ஆங்கிலக் கடற்படைத் தலைவர், தொலைவில் இருந்தவாறே மலையின் உயரம் 13,698 அடி எனக் கணக்கிட்டார். இன்றைய கணக்கு 13,435 அடி, அதாவது 4,095 மீட்டர். அந்நாளைய கருவிகளைக் கருதினால் அவர் பெரிதும் பிழை செய்தார் எனச் சொல்ல இயலாது. ஆயினும், உயரத்தைக் கடலில் இருந்தே அளக்க முடிந்தவர்க்கு, ஏறும் வழியை அங்கிருந்து அறிய முடியவில்லை. அவ்வழி அடிவாரத்துக் கியாவ் சிற்றூரில் வாழ்ந்த டூசுன் மக்களிடம் இருந்தது.

அவ்வூராரிடம் முதலில் வழி கேட்டு ஏறியவராக ஏடுகளில் இடம்பெற்றவர் ஹியூ லோ. இவர் 1848இல் லாபுவான் தீவின் குடியேற்றச் செயலாளராக வந்தார். இலண்டன் அருகே செடி வளர்த்து விற்பதைத் தொழிலாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தவராதலின், அதிகாரியாக இருந்தும் அவர் கண் செடிகொடிகளின்மீதே இருந்தது. 1851 மார்ச்சு மாதத்தில் துவாரானில் இருந்து நாற்பத்திரண்டு பேரைத் துணைகொண்டு புறப்பட்டுக் கியாவை அடைந்தார். அவ்வூரைச் சேர்ந்த லெமாயிங் என்பவர் வழிகாட்டியாக முன்னடந்தார். இருவரும் உச்சிப் பாறைவெளியை எட்டினர். அங்குக் கொம்புகள்போல எழுந்து நிற்கும் சிகரங்களுள் மிக உயர்ந்தது பறவைகட்கே எட்டுவது, மனிதர்க்கு எட்டாதது என லோ கருதித் திரும்பிவிட்டார். பிற்காலத்தார் அந்தச் சிகரத்துக்கே 'லோ சிகரம்' எனப் பெயரிட்டனர். அவர் கால் படாத பாறை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வழிகாட்டிச் சென்ற லெமாயிங்கின் பெயரோ பயண நூல்களில் மட்டுமே எஞ்சியுள்ளது.

இவரைப் பற்றி இடையே ஒன்று சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. 1877இல் பேராக் மாநிலத்தின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற லோ, கோலகங்சாரில் தம் இல்லத் தோட்டத்தில் இரப்பர் கன்றுகளை நட்டு வளர்த்தார். பிற்காலத்தில் நம் முன்னோரை ஆயிரமாயிரமாகக் கடல் கடக்கச் செய்த அம்மரத்தின் தொடக்க வரலாற்றிலும், கினபாலுவின் வரலாற்றிலும் ஒரே மனிதர் நிற்பதை நம் மாணவர்கள் அறிந்திருப்பது நன்று.

லோவுக்குப் பின், 1856இல் தாமசு லாப் என்னும் செடி சேகரிப்பாளர் மலையடியை வந்தடைந்தார். ஊரார் ஏற விடவில்லை, அவர் திரும்பினார். காடுகளில் நெடுங்காலம் அலைந்து பழகிய அவருக்கு அறிவும் துணிவும் இல்லாமலா போயின? ஊரார் இசைவு ஒன்றே அவருக்குக் கிடைக்காதது. மலையின் உச்சியைத் தம் முன்னோரின் ஆவிகள் உறையும் இடமாகக் கருதியவர்கள் அம்மக்கள். வேற்றூரான் ஒருவன் செடி பறிக்க வந்தேன் என்று கூறியவுடன் கதவு திறக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையாகாது.

1858இல் லோ மீண்டும் புறப்பட்டார். உடன் வந்தவர் புருணையில் பிரிட்டனின் தலைமைத் தூதராக இருந்த இசுபென்சர் செயின்ட் ஜான். இப்பயணம் பற்றிச் செயின்ட் ஜான் 1862இல் வெளியிட்ட நூலை, மலைப்பயணத்துக்குத் திட்டமிடுவோர் அனைவரும் படிக்கலாம். இருவரும் உயர் அதிகாரிகள். ஆள் பலமும் பொருள் வசதியும் உடையவர்கள். ஏப்ரல் மாதத்து முதல் முயற்சி தடைப்பட்ட காரணம் யாது தெரியுமா? காலணி! ஏற்ற காலணி இன்மையால் லோவின் பாதங்கள் புண்பட்டு வீங்கின. ஏழாண்டுகட்கு முன் அதே மலையில் ஏறிய மனிதர் பின்தங்கிவிட, செயின்ட் ஜான் மட்டும் மேலே சென்றார். அவர் தென்முனைச் சிகரத்தில் ஏறி நின்று சுற்றிலும் நோக்கியபோதுதான், பக்கத்துச் சிகரங்கள் தாம் நின்றதைவிட உயர்ந்தவை எனக் கண்டு மனம் நொந்தார். அவ்வாண்டு சூலையில் இருவரும் மறுபடி சென்றனர். அப்போதும் மிக உயர்ந்த சிகரம் எட்டாமலே நின்றது. ஆனால் 'ராஜா' எனப் பெயர் பெற்ற மாபெரும் கெண்டிச்செடியை அப்பயணங்களிலேதான் லோ உலகுக்கு அறிமுகம் செய்தார். எலி ஒன்று மூழ்கிக் கிடக்கும் அளவுக்கு நீர் கொண்ட அச்செடி, புண்பட்ட பாதங்கட்கு ஈடாகக் கிடைத்த பரிசு என்று கொள்ளலாம்.

மிக உயர்ந்த சிகரத்தில் 1888இல் ஏறியவர் ஜான் ஒயிட்ஹெட் என்னும் பறவை ஆய்வாளர். அவர் மலையடிச் சிற்றூர்களிலேயே மாதக்கணக்கில் தங்கினார். பறவைகளைச் சேகரிப்பதற்காகத் தங்கிய அக்காலம் மலையின் மழையையும் மக்களின் வழக்கையும் அறியும் காலமாகவும் அமைந்தது. அவர் வென்றதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. விரைந்து வந்தவர்களுக்கு எட்டாத சிகரம் காத்திருந்தவர்க்கு எட்டியது.

இம்மலையின் வடபால் 'லோ பள்ளத்தாக்கு' எனும் ஆழ்ந்த பிளவு உள்ளது. 1994இல் பிரிட்டிசுப் படைவீரர்களும் ஆங்காங் வீரர்களும் அடங்கிய பத்துப் பேர் கொண்ட குழு, உச்சியில் ஏறி அப்பிளவின் வழியே மறுபுறம் இறங்கத் திட்டமிட்டது. குழு இரண்டாகப் பிரிந்தது. விரைந்து சென்ற ஐவர் பெரும்பாடுபட்டுக் காட்டைக் கடந்து வெளியேறினர். பின்தங்கிய ஐவர் மேலேறவும் கீழிறங்கவும் வழியின்றி, மழையும் வெள்ளமும் சூழ, உணவும் தீர்ந்து பள்ளத்தாக்கினுள் சிக்கினர். வெண்கற்களை அடுக்கி அவர்கள் அமைத்த உதவிக் குறி மலேசிய விமானப்படையின் ஹெலிகாப்டர் கண்ணில் பட்டது மார்ச்சு இறுதியில்தான். பத்துப் பேரும் உயிர் தப்பினர். இறங்கத் தொடங்கிய பிறகு திரும்பி ஏற முடியாத இடம் எது என்பதை முன்கூட்டி முடிவு செய்யாத திட்டம் அது.

2015 சூன் 5 ஆம் நாள் காலை நிகழ்ந்ததோ வேறு வகை. திட்டத்தில் குறையில்லை, வழிகாட்டிகள் உடனிருந்தனர், வானமும் தெளிவாக இருந்தது. ஏழே கால் மணியளவில், ஏறத்தாழ 6 ரிக்டர் அளவு நிலநடுக்கம் மலையைக் குலுக்கிப் பாறைகளை உருட்டியது. பதினெண்மர் மாண்டனர். அவர்களுள் சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளி ஒன்றின் மாணவர் எழுவரும் ஆசிரியர் இருவரும் இருந்தனர். மலை வழிகாட்டிகளும் இருந்தனர். அந்த எழுவரும் பன்னிரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகள். பள்ளி நடத்தும் எவரும் இதை வாசித்துவிட்டு எளிதில் அடுத்த பக்கத்தைப் புரட்ட இயலாது. உச்சிப் பகுதியில் நூற்றுக்கு மேற்பட்டோர் சிக்கியிருந்தனர். வானிலை ஹெலிகாப்டர்களுக்கு இடந்தரவில்லை. உடனிருந்த வழிகாட்டிகளே, தம் தோழர்களை இழந்த துயருடன், அவர்களை இரவோடிரவாகக் கீழே கொண்டுவந்து சேர்த்தனர். லெமாயிங்கின் வழிவந்த மக்கள் அவர்கள்.

இன்று கினபாலு ஏறுவோர் 1,866 மீட்டர் உயரத்திலுள்ள திம்போஹோன் வாயிலில் நடையைத் தொடங்கி, 3,270 மீட்டர் அளவில் உள்ள பானாலாபான் விடுதிகளில் இரவு தங்குகின்றனர். நள்ளிரவு கடந்து இரண்டு மணியளவில் புறப்பட்டு விடியலில் உச்சியைக் காண்கின்றனர். நண்பகலுக்குமேல் மேகமும் மழையும் கூடும் என்பதனால் அமைந்த நேரம் அது. அந்த உயரத்தில் காற்று மெலிதாகலின் தலைவலியும் குமட்டலும் தோன்றலாம். அவை முற்றினால் கீழிறங்குவதே மருந்து. விடுதியில் முன்பதிவும் உடன்வரும் வழிகாட்டியும் கட்டாயம். பானாலாபான் என்னும் பெயரும் வழிபாட்டுப் படையல் இட்ட இடத்தைக் குறிப்பதே. ஏழு வெண்கோழிகளும் ஏழு முட்டைகளும் வைத்து முன்னோரிடம் இசைவு வேண்டுவது வழக்கம்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது, எம் பள்ளி இளம் ஆசிரியர் ஒருவர் என் மேசைமேல் வைத்த மூன்று பக்கத் திட்டம். உயர்வகுப்பில் பயிலும் எம் முன்னாள் மாணவர்களைக் கினபாலுவுக்கு அழைத்துச் செல்ல விழைகின்றார். விமானச் சீட்டு, குளிராடை, கைவிளக்கு, மழையங்கி, மருந்துப்பெட்டி, பெற்றோர் இசைவுக் கடிதம் என எதையும் அவர் மறக்கவில்லை. காலணிக்கெனத் தனியே ஒரு பத்தி எழுதியிருந்தார். லோவைப் படித்திருக்க வேண்டும். ஆனால் வழிகாட்டி என்னும் சொல் ஒரே இடத்தில், செலவுப் பட்டியலின் கடைசி வரியில், கூலித் தொகைக்கு முன்னால் இருந்தது.

தாளின் ஓரத்தில் இரண்டு வினாக்களை எழுதித் திருப்பிக் கொடுத்தேன். ஒன்று, வழிகாட்டியின் பெயர் என்ன? மற்றொன்று, திரும்பிவிடலாம் என்று அவர் சொன்னால், அச்சொல்லை மீற நம்முள் எவருக்கும் உரிமை உண்டா?

மறுவாரம் அவர் வந்து, முதல் வினாவுக்கு விடை காணக் கோத்தா கினபாலுவுக்குத் தொலைபேசியில் பேசியதாகக் கூறினார். இரண்டாவதற்கான விடையைப் பெற்றோர் கூட்டத்தில் தாமே சொல்லப்போவதாகவும் சொன்னார். கூட்டம் அடுத்த மாதம் நடைபெறும். அதன் பின்னரே நான் கையொப்பம் இடுவேன்.