ஈகோ: சொல்லும் திருவண்ணாமலைப் பொருளும்

ஈகோ என்பது 'நான்' என்று பொருள்படும் லத்தீன் சொல். செருக்கும் பிடிவாதமும் அதன் பிறப்பில் இல்லை. சமஸ்கிருதத்தின் 'அஹம்', ஜெர்மனின் 'இஹ்', ஆங்கிலத்தின் 'ஐ' எல்லாம் அதே வேரில் கிளைத்தவை. தமிழின் 'நான்' மட்டும் வேறு குடும்பம். ஓயாமல் தன்னைப் பற்றியே எழுதுவதைக் கண்டிக்கும் 'ஈகோடிசம்' என்ற சொல்லை ஆங்கிலக் கட்டுரையாளர் ஜோசப் அடிசன் 1714இல் ஸ்பெக்டேட்டர் இதழில் எடுத்தாண்டார். தனித்து நிற்கும் 'ஈகோ'வுக்குத் தற்பெருமை என்ற பொருள் ஏறியது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். தமிழ்ப் பேச்சுக்குள் நுழைந்தது இந்தக் கடைசிப் பொருள். 'அவருக்கு ஈகோ ஜாஸ்தி' என்றால் தலைக்கனம். கணவன் மனைவிக்குள் 'ஈகோ பிரச்சினை' என்றால் யார் முதலில் இறங்கி வந்து பேசுவது என்ற வீம்பு.

திருவண்ணாமலையைப் பற்றிப் படிப்பவரை இந்தப் பொருள் தடுமாற வைக்கிறது. 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர், அங்கே அப்போது பேசாதிருந்த ரமண மகரிஷியிடம் 'நான் யார்?' என்று கேட்டார். தரையிலும் சிலேட்டிலும் எழுதிக் காட்டப்பட்ட விடைகள் 1923இல் நூலாயின. ரமணர் 'அகந்தை' என்று சொன்ன இடங்களில் ஆங்கில மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் 'ஈகோ' என்றே போட்டன. வேரைப் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது: அகந்தை 'அஹந்தா'விலிருந்து வந்தது, அதாவது நான் என்னும் தன்மை. ஆனால் ஈகோ என்றாலே வீம்பு என்று பழகிய தமிழர் அந்த ஆங்கிலப் பக்கத்தைப் படிக்கும்போது, பணிவாக நடந்துகொள் என்ற அறிவுரையே காதில் விழுகிறது.

அகந்தைக்கும் நம் வழக்கில் செருக்கு என்றுதானே பொருள், இதில் என்ன இழப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ரமணர் சுட்டுவது செருக்குக்கும் முந்தியது: ஆழ்ந்த உறக்கத்தில் இல்லாமல், விழித்ததும் உடலைப் பற்றிக்கொண்டு எழும் முதல் நினைவு. கைகட்டி, குரல் தாழ்த்தி, 'நான் ஒன்றுமில்லாதவன்' என்று சொல்கிறவரிடமும் அது முழுசாக இருக்கிறது, அந்த வாக்கியத்தின் முதல் சொல்லாகவே. அடக்கத்தால் கரையக்கூடிய பொருளல்ல அது. எங்கிருந்து எழுகிறது என்று தேடச் சொன்னதற்குக் காரணமும் அதுவே.

வழக்குதான் சொல்லுக்கு அதிகாரம், லத்தீன் வேரைப் பிடித்துத் தொங்குவானேன் என்பது இன்னொரு மறுப்பு. தெருப்பேச்சுக்கு அது சரி. 'ஈகோ பிடிச்சவன்' என்பதைத் திருத்த யாருக்கும் உரிமையில்லை. ஆனால் ஒரு நூலை அதன் ஆசிரியர் கொண்ட பொருளில்தான் படிக்க வேண்டும். உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்டுக்கும் இதே கதி நேர்ந்தது. அதே 1923இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதியது குழந்தையும் சொல்லும் 'இஹ்'. 1927இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அதை லத்தீன் 'ஈகோ'வாக்கியது. வீட்டுச் சொல் மருத்துவச் சொல்லாகிவிட்டது என்று பின்னாளில் உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் வருந்தினார். ஆனால் ரமணரை ஆங்கிலமாக்கியவர்கள் வேறு பல இடங்களில் 'ஈகோ'வை விட்டுவிட்டு 'ஐ என்னும் எண்ணம்' என்று எழுதினார்கள். ஒற்றை எழுத்துதான், சிலேட்டில் இருந்த 'நான்' அதில் சிதையாமல் போய்ச் சேர்ந்தது.