வலிந்து கைப்பற்றல்: தற்காப்பு முறைகள்

நிர்வாகத்தின் சம்மதமின்றி, பங்குகளை வாங்கிக் குவித்து ஒரு நிறுவனத்தைப் பிடிக்க முயல்வது வலிந்து கைப்பற்றல். பங்குகள் காகிதச் சான்றிதழாக இருந்த காலத்தில் முதல் கேடயம் உறுப்பினர் பதிவேடு. கையெழுத்தும் முத்திரை வில்லையும் சரியாக இருந்தும் இயக்குநர் குழு பெயர் மாற்ற மறுத்தால், பணம் கொடுத்து வாங்கியவருக்கு வாக்கு கிடையாது. 1983-இல் பிரிட்டன் வாழ் தொழிலதிபர் சுவராஜ் பாலை எஸ்கார்ட்ஸ், டிசிஎம் நிறுவனங்கள் இப்படித்தான் தடுத்தன.

தமிழகத்துக்கு நெருக்கமான போர் 1998-இல் நடந்தது. சென்னையின் இந்தியா சிமெண்ட்ஸ், ஆந்திரத்தின் ராசி சிமெண்ட்டுக்குக் குறிவைத்து, பங்குக்கு 300 ரூபாய் தருவதாக அறிவித்தது. ராசியின் நிறுவனர் பி. வி. ராஜு தரப்பு, மதிப்புமிக்க சொத்தான ஸ்ரீ விஷ்ணு சிமெண்ட் பங்குகளைக் கைமாற்றிவிடப் பார்த்தது. பலிக்கவில்லை. நிறுவனரிடம் பெரும்பான்மைப் பங்கு இல்லாததே உண்மையான பலவீனம். கடைசியில் அவர் தம் பங்குகளையே இந்தியா சிமெண்ட்ஸுக்கு விற்றார்.

பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2011 விதிகளின்படி, 25 சதவீத வாக்குரிமையை எட்டுபவர் மேலும் குறைந்தது 26 சதவீதத்தை மற்றப் பங்குதாரர்களிடமிருந்து வாங்கப் பொது அழைப்பு விட வேண்டும். அந்த அழைப்பு நடப்பிலிருக்கும் காலத்தில், பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானமின்றி நிர்வாகம் முக்கியச் சொத்துகளை விற்க முடியாது. சிறு முதலீட்டாளருக்கு இது நியாயமான காவல்.

காஞ்சிபுரம் வட்டாரப் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இப்படிக் கைப்பற்றப்படும் அச்சமில்லை. அங்கே எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குதான்.