தேர்வு மேசையில் ஆம்ஃபெட்டமின்: ஒரு பிழையான முற்கோள்

அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள டியூக் பல்கலைக்கழகம் 2011இல் தன் மாணவர் ஒழுங்கு விதிகளில் ஒரு வரியைச் சேர்த்தது. கல்வித் திறனை உயர்த்திக்கொள்வதற்காக மருத்துவரின் சீட்டுக்குரிய மருந்தை உரிய அனுமதியின்றி உட்கொள்வதும் தேர்வு மோசடியே என்பது அதன் சாரம். பிட் அடிப்பதும் ஆம்ஃபெட்டமின் மாத்திரையான அட்டரால் விழுங்குவதும் ஒரே குற்றத் தலைப்பின்கீழ் வந்தன. மாத்திரை அறிவை உயர்த்துகிறது என்ற எண்ணம் இவ்விதிக்குள் முற்கோளாக அமர்ந்திருக்கிறது. அந்த முற்கோள் நிறுவப்படாதது என்பதே என் வாதம்.

இந்த நம்பிக்கை பழையது. 1930களின் நடுவில் மினசோட்டா பல்கலைக்கழக உளவியல் துறையில் பென்சிட்ரின் என்ற ஆம்ஃபெட்டமின் மாத்திரையைச் சோதித்தபோது, அது தூக்கத்தை விரட்டுவதை மாணவர்கள் கண்டுகொண்டார்கள்; தேர்வுக் காலத்தில் தாமே தேடி வாங்கத் தொடங்கினார்கள். 1937இல் ராட் தீவு மாநிலத்துச் சிறுவர் மருத்துவமனை ஒன்றில் சார்லஸ் பிராட்லி, நடத்தைச் சிக்கலுள்ள குழந்தைகளுக்கு அதே மருந்தைக் கொடுத்து, அவர்களுள் பலரின் பள்ளிப் படிப்பு முன்னேறியதைப் பதிவுசெய்தார். கவனக் குறைபாடு உடையவர்க்கு இன்று அளிக்கப்படும் சிகிச்சையின் வேர் அங்கே இருக்கிறது. நோயுற்ற குழந்தைக்குப் பலித்தது நலமுள்ள மாணவனுக்கும் பலிக்கும் என்ற தாவல்தான் சிக்கல். கண்ணாடி அணிந்தால் பார்வைக் குறை தீரும். நல்ல கண் கழுகுக் கண்ணாகிவிடாது.

சோதனைகள் சொல்வது என்ன? இலியேவா, போலண்ட், ஃபாரா ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில் நலமுள்ள இளையோர் 46 பேர் ஆம்ஃபெட்டமின் உப்புக் கலவையையும் வெற்று மாத்திரையையும் வெவ்வேறு அமர்வுகளில் உட்கொண்டார்கள். நினைவு, படைப்பூக்கம், பகுத்தறிவு முதலிய 13 அளவீடுகளில் கூட்டாக நோக்கினால் குறிப்பிடத்தக்க ஏற்றம் தென்படவில்லை. ஆனால் மருந்து உட்கொண்ட நாளில் தாங்கள் சிறப்பாகச் செய்ததாக அவர்கள் நம்பினார்கள். 2023இல் வெளிவந்த மெல்போர்ன் ஆய்வு இன்னும் கூர்மையானது. குறித்த எடைக்குள் அதிக மதிப்புள்ள பொருள்களைப் பைக்குள் அடுக்கும் கணக்கு 40 பேருக்குத் தரப்பட்டது. மெத்தில்ஃபெனிடேட், டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின், மோடாஃபினில் ஆகிய ஊக்க மருந்துகளுள் எதை உட்கொண்டாலும் உழைப்பு கூடியது, அதன் தரம் குறைந்தது. வெற்று மாத்திரையோடு சராசரிக்கு மேல் நின்ற பலர் மருந்தோடு சராசரிக்குக் கீழே போனார்கள். திறமையாளனுக்கே இழப்பு அதிகம் என்பதை விடுதி அறைகளில் யாரும் சொல்வதில்லை.

சலிப்பூட்டும் பாடத்தை விடிய விடியப் படிக்க இம்மருந்துகள் உதவும் என்பதை மறுக்கவில்லை. தூக்கம் இழந்தவனை அவை விழிக்க வைக்கும். ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட படிப்பை ஓர் இரவில் அடைத்துவிடும் வசதியைத்தான் மாணவன் அங்கே வாங்குகிறான். மெக்கேப் குழுவினர் 119 அமெரிக்கக் கல்லூரிகளில் 10,904 மாணவர்களிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு இசைகிறது. முந்தைய ஓராண்டில் ஊக்க மருந்துகளைச் சீட்டின்றிப் பயன்படுத்தியோர் 4.1 விழுக்காடு, தனித்தனிக் கல்லூரிகளில் இது சுழியம் முதல் 25 வரை வேறுபட்டது. சேர்க்கைப் போட்டி கடுமையான கல்லூரிகளில் பயன்பாடு கூடுதல். குறைந்த மதிப்பெண் பெற்றவர்களிடமும் கூடுதல். எது காரணம், எது விளைவு என்று இதிலிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. எனினும் முன்வரிசை மாணவர்களின் இரகசியம் என்ற பிம்பத்தை இது உடைக்கிறது.

பலித்தாலும் பலிக்காவிட்டாலும் ஏமாற்றும் நோக்கம் குற்றம்தானே, தவறான விடையைப் பார்த்தெழுதியவனும் காப்பியடித்தவன்தானே என்று கேட்கலாம். வலுவான மறுப்புத்தான். ஆனால் காப்பியடிப்பவன் பிறர் விடையைத் தன் விடையாகக் காட்டுகிறான். மாத்திரை விழுங்கியவன் எழுதும் விடை, நல்லதோ கெட்டதோ, அவனுடையதே. அவனை மோசடிக்காரன் என்று எழுதிவைக்கும் பல்கலைக்கழகம், மாத்திரைக்குத் திறன் உண்டென்று தன் முத்திரையோடு சான்றும் அளிக்கிறது. தயங்கி நிற்கும் மாணவனுக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேறில்லை.

தடையை நீக்கச் சொல்லவில்லை. இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், அடிமையாதல் ஆகிய ஆபத்துகள் மெய்யானவை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் ஆம்ஃபெட்டமினும் மெத்தில்ஃபெனிடேட்டும் இரண்டாம் அட்டவணை மருந்துகள். அறைத் தோழனுக்கு ஒரு மாத்திரை கொடுப்பதே சட்டமீறல். ஆகவே டியூக்கின் அந்த வரி தேர்வு மோசடிப் பிரிவிலிருந்து மாணவர் உடல்நலப் பிரிவுக்கு மாற்றப்பட வேண்டும்.