காற்றைத் தின்று வாழும் பிராணி: பச்சோந்தி பட்டினி கிடந்த கதை

இன்னைக்கு ராஜா, போர், சாம்ராஜ்யம் எதுவும் இல்லை. ஒரு பல்லி இனத்தோட சாப்பாட்டுப் பிரச்சினையைத்தான் பேசப்போறேன். சிரிக்காதீங்க, இதுவும் வரலாறுதான். ஏறக்குறைய 1,600 வருஷம் ஐரோப்பாவில் படிச்சவங்க நம்பின ஒரு பொய் இதுல இருக்கு.

கி.பி. 77 வாக்கில் ரோமாபுரியில் மூத்த பிளினி தன்னோட 'இயற்கை வரலாறு' நூலை எழுதுறார். அதுல பச்சோந்தியைப் பற்றி ஒரு விஷயம் சொல்றார்: உணவும் தண்ணீரும் இல்லாமல் காற்றை மட்டுமே உண்டு வாழும் ஒரே பிராணி இதுதான். அவருக்கு முன்னாடி ஓவிட் என்ற கவிஞரும் இதே மாதிரி எழுதியிருந்தார். அது அப்படியே கைமாறி 1600 வாக்கில் ஷேக்ஸ்பியரோட ஹாம்லெட் வரைக்கும் வந்துடுச்சு. அந்த நாடகத்தில் ஹாம்லெட் பச்சோந்தியோட சாப்பாட்டைச் சொல்லி ஒரு கிண்டல் அடிப்பான். அன்னைக்கு லண்டன் கூட்டத்துக்கு அதை விளக்கவே வேண்டியிருக்கலை.

இத்தனைக்கும் பிளினிக்கு 400 வருஷம் முன்னாடியே அரிஸ்டாட்டில் பச்சோந்தியை அறுத்துப் பார்த்து, அதோட கண், தோல், உள்ளுறுப்பு எல்லாத்தையும் விவரமா எழுதி வெச்சிருக்கார். அப்போ ஏன் இந்தப் பொய் நின்னுச்சு?

என் கணிப்பைச் சொல்றேன். இந்தப் பொய் காட்டில் பிறக்கலை, கூண்டில் பிறந்தது. பச்சோந்தியைப் பிடிச்சு, கப்பல்ல ஏத்தி, ஒரு கூண்டில் போட்டா அது என்ன பண்ணும்? மிரண்டு போய் சாப்பாட்டை நிறுத்திடும். கிண்ணத்தில் தண்ணி வெச்சா பெரும்பாலும் திரும்பியே பார்க்காது, ஏன்னா அது இலையில் நிற்கிற பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கிப் பழகின பிராணி. உடம்புச் சூடு தாங்கலைன்னா வாயைத் திறந்து வெச்சிருக்கும். எதிரின்னு நினைச்சா காத்தை இழுத்து உடம்பை ஊத வைக்கும். குளிர்ரத்தப் பிராணிங்கறதால பட்டினி கிடந்தாலும் உடனே சாகாது. நல்லா இருக்கும்போது இரையைப் பிடிக்கிறதோ, நாக்கை வீசி கண் இமைக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும். இப்போ பார்க்கிறவர் கண்ணோட்டத்தில் யோசிங்க. சாப்பிடலை, குடிக்கலை, வாயைத் திறந்து வெச்சிருக்கு, உடம்பு ஊதுது, பல நாள் உயிரோடவும் இருக்கு. காத்தைத்தான் தின்னுதுன்னு முடிவு கட்டிட்டாங்க. நோயில் கிடந்த ஒரு உயிரைப் பார்த்து, இதான் இதோட இயல்புன்னு எழுதிட்டாங்க. எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்ப உறுத்துற இடம் இதுதான்.

16-ஆம் நூற்றாண்டில் பியர் பெலோன் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் பச்சோந்தி வயிற்றைத் திறந்து பார்த்தப்போ உள்ளே ஈக்கள் இருந்தது. 1646-ல் தாமஸ் பிரௌன் என்ற ஆங்கில மருத்துவர், மக்கள் நம்புற பொய்களை எல்லாம் வரிசையா விசாரிக்கிற ஒரு புத்தகம் போட்டார். நம்ம காலத்து ஃபேக்ட் செக் சேனல் மாதிரின்னு வெச்சுக்கோங்க. அதுல பச்சோந்திக்குன்னே ஒரு அத்தியாயம் இருக்கு. அவரோட வாதம் எளிமையானது. காற்றுதான் உணவுன்னா பல் எதுக்கு, இரைப்பை எதுக்கு, குடல் எதுக்கு, இவ்வளவு நீள நாக்கு எதுக்கு? 1669-ல் பாரிஸ் அறிவியல் அகாடமியின் கிளோது பெரோ பச்சோந்தியோட உடற்கூறு விவரங்களைப் படத்தோட வெளியிட்டார்.

அதே பாரிஸில்தான் மதலேன் த ஸ்குதெரி என்ற பிரபல நாவலாசிரியையும் இருந்தாங்க. 1672-ல் எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் இருந்து அவங்களுக்குப் பச்சோந்திகள் வந்துச்சு. விலங்குகள் வெறும் இயந்திரம்னு தேகார்த் சொன்னது செல்வாக்கா இருந்த காலம் அது. ஸ்குதெரி அதை ஏத்துக்கலை. தன் பச்சோந்திகளைப் பாசத்தோட கவனிச்சு, அவற்றின் கதையையும் எழுதி 1688-ல் அச்சில் கொண்டுவந்தாங்க. பெரோவோட கத்தியால தெரிஞ்சது ஒண்ணு, ஸ்குதெரியோட பொறுமையால தெரிஞ்சது இன்னொண்ணு. எனக்கு ரெண்டாவது மேல கொஞ்சம் ஜாஸ்தி மரியாதை.

சரி, பூச்சி தின்னுதுன்னு தெரிஞ்சாச்சு. பிரச்சினை முடிஞ்சிடுச்சா? இல்லை. அடுத்த 300 வருஷமும் கூண்டுப் பச்சோந்திகள் செத்துக்கிட்டேதான் இருந்தது. இந்த முறை வயிறு நிறைஞ்சே செத்தது.

இதுக்கு விடை வேற இடத்தில் இருந்து வந்துச்சு. 1889-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் சிங்கக்குட்டிகளுக்கு எலும்பு வளைஞ்சு போற ரிக்கெட்ஸ் நோய். அறுவை மருத்துவர் ஜான் பிளாண்ட் சட்டன், வெறும் இறைச்சி போதாது, பாலும் மீன் எண்ணெயும் நொறுக்கின எலும்பும் கொடுங்கன்னு சொன்னார். குட்டிகள் தேறிடுச்சு. 1919-ல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், ரிக்கெட்ஸ் வந்த குழந்தைகளைப் புற ஊதா விளக்கு வெளிச்சத்தில் வெச்சே குணப்படுத்திக் காட்டினார். தோலில் அந்த ஒளி பட்டா உடம்பு விட்டமின் டி தயாரிக்கும். விட்டமின் டி இல்லாட்டி சாப்பிட்ட கால்சியம் உடம்பில் ஒட்டாது. 1927-ல் லண்டன் மிருகக்காட்சிசாலை புது ஊர்வன இல்லம் திறந்தது. அதை வடிவமைச்சவர் ஜோன் புராக்டர் என்ற பெண்மணி.

ஆனா இந்த அறிவு கடைக்கும் வீட்டுக்கும் வந்து சேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆச்சு. நடுவில் நடந்த ஒண்ணு சொல்றேன். 1972-ல் கென்யாவிலிருந்து ஹவாய்க்கு ஒரு பெட்டி வந்துச்சு. உள்ளே சில டஜன் ஜாக்சன் பச்சோந்திகள், மூணு கொம்பு வெச்ச இனம். பயணத்தில் மெலிஞ்சு, தண்ணி வத்திப் போய் வந்திருக்கு. வாங்கின கடைக்காரர், கூண்டில் வெச்சா தேறாதுன்னு தன் வீட்டுத் தோட்டத்துச் செடிகள்ல விட்டுட்டார். தேறிடுச்சு. தேறி, பெருகி, தீவு தீவா போயிடுச்சு. இன்னைக்கு ஹவாயில் மட்டுமே இருக்கிற அரிய நத்தைகளையும் பூச்சிகளையும் அதுங்க தின்னுது. தண்ணியும் வெயிலும் இலையும் கிடைச்சா பச்சோந்தி பிழைச்சுக்கும்னு அந்தத் தோட்டம் காட்டிடுச்சு. அதுக்கான விலையை நத்தைகள் கொடுக்குது.

2000-களில் டெக்சாஸில் கேரி ஃபெர்குசனும் கூட்டாளிகளும் மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்திகளை வெச்சு ஒரு ஆய்வு செஞ்சாங்க. உணவில் விட்டமின் டி குறைஞ்ச பச்சோந்திகள் தாங்களாவே போய் புற ஊதா ஒளியில் அதிக நேரம் உட்கார்ந்துச்சு. போதுமான அளவு கிடைச்சவை ஒதுங்கிக்கிச்சு. அதாவது தனக்கு எவ்வளவு வேணும்னு அதுக்கே தெரியுது. நாம கூண்டில் அந்த ஒளியை வைக்காதவரை அந்த அறிவால அதுக்குப் பிரயோஜனம் இல்லை.

இந்த எபிசோட் பண்ணக் காரணமே துபாயில் இருந்து ஒரு நேயர் அனுப்பின குரல் பதிவுதான். யேமன் பச்சோந்திக் குட்டி வாங்கியிருக்காங்க. ரெண்டு மாசக் குட்டி. வயிறு முட்டச் சாப்பிடுது, ஆனா கிளையைப் பிடிக்கும்போது கை நடுங்குதுன்னு சொன்னாங்க. நான் டாக்டர் இல்லை. ஆனா மேல சொன்ன வரலாறு முழுக்க அந்த நடுக்கத்தில் இருக்கு.

குட்டிக்கு எலும்பு வேகமா வளருது. கடையில் விக்கிற கிரிக்கெட் பூச்சியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் ரொம்பக் கம்மி. அதனால பூச்சிக்கே முதல்ல கீரை, கேரட்னு நல்லா தீனி போடணும். பிறகு கால்சியம் பவுடரில் லேசா புரட்டிக் கொடுக்கணும். பூச்சியோட நீளம் குட்டியோட ரெண்டு கண்ணுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியைத் தாண்டக் கூடாது. வாழைப்பழத்தை மொய்க்கிற சின்ன ஈதான் பிறந்த குட்டிக்குச் சரி. டி3 கலந்த பவுடரும் விட்டமின் பவுடரும் மாசத்துக்கு ரெண்டு தடவை போதும், அதுல அள்ளிக் கொட்டினா அதுவும் விஷம்.

ஜன்னல் ஓரமா கூண்டை வெச்சா வெயில் கிடைக்கும்னு நினைக்காதீங்க. சாதாரணக் கண்ணாடி அந்தப் புற ஊதா ஒளியைத் தடுத்துடும். யூவிபி விளக்கு வேணும். வெளிச்சம் எரிஞ்சுக்கிட்டே இருந்தாலும் ஒரு வருஷத்துக்குள்ள பெரும்பாலான விளக்குகளில் யூவிபி வலு குறைஞ்சிடும். ஏசி காத்து நேரா படுற இடம் ஆகாது. தண்ணியை இலை மேல தெளிங்க. எச்சத்தில் வெள்ளையா ஒரு பகுதி இருக்கும், அது ஆரஞ்சா மாறினா தண்ணி பத்தலை. கண் குழி விழுந்தா, பகல்ல கண்ணை மூடிக்கிட்டே இருந்தா, தாடை மெத்துன்னு ஆனா, நாக்கு இரையை எட்டலைன்னா, கால் வளைஞ்சா, அன்னைக்கே ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவர்கிட்ட போங்க. கால் ஒரு தடவை வளைஞ்சிட்டா பெரும்பாலும் பழையபடி நிமிராது, நோய் மோசமாகாம நிறுத்தலாம், அவ்வளவுதான். அந்த நேயருக்கும் இதைத்தான் அனுப்பினேன், நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்கன்னும் சேர்த்து.

இன்னொரு கேள்வி சென்னை, கோவை பக்கமிருந்து நிச்சயம் வரும்: நம்ம ஊர் பச்சோந்தியைப் பிடிச்சு வளர்க்கலாமா? கூடாது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான இனம் அது, அறிவியல் பெயரிலேயே சிலோன் இருக்கு, கமேலியோ ஜெய்லானிகஸ். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் அது பாதுகாக்கப்பட்ட உயிர். பிடிக்கிறதும் வீட்டில் வைக்கிறதும் குற்றம். ரோட்டைக் கடக்கிறப்போ பார்த்தீங்கன்னா, வண்டியை ஓரம் கட்டிட்டு, ஒரு குச்சியை நீட்டுங்க. அதுவே ஏறிக்கும். எந்தப் பக்கம் போயிட்டு இருந்துச்சோ அந்தப் பக்கத்துப் புதரில் விட்டுட்டு வாங்க.