டான்சி நில வழக்கும் காங்கேயம் தொகுதியும்: நன்னடத்தை விதியின் எல்லை

1991 சட்டமன்றத் தேர்தலில் பர்கூர், காங்கேயம் ஆகிய இரு தொகுதிகளிலும் வென்ற ஜெ. ஜெயலலிதா பர்கூரைத் தக்கவைத்துக்கொண்டார். காங்கேயம் இடைத்தேர்தலில் ஆர்.எம். வீரப்பன் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறு ஆண்டு, முதலமைச்சர் பங்குதாரராயிருந்த ஜெயா பப்ளிகேஷன்ஸ், அரசு நிறுவனமான டான்சியின் கிண்டி நிலத்தை வாங்கியது. அமைச்சர்கள் அரசின் அசையாச் சொத்தை வாங்குவதை நன்னடத்தை விதித்தொகுப்பு விலக்கியிருந்தது. சுப்பிரமணியன் சுவாமியின் முறையீட்டின்பேரில் ஆளுநர் சென்னா ரெட்டி 1995இல் வழக்குத் தொடர இசைவளித்தார்.

1996இல் காங்கேயத்தைத் தி.மு.க. கைப்பற்றியது, பர்கூரில் முதலமைச்சரே தோற்றார். இத்தோல்வியைப் புகார்களின் விளைவாக மட்டும் காண்பது பொருந்தாது. 2000 அக்டோபர் 9இல் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்த பின்னரும், 2001இல் அதே காங்கேயம் அ.இ.அ.தி.மு.க.வைத் தேர்ந்தெடுத்தது. வாக்காளர் விதிக்காத தடையை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8(3) பிரிவே விதித்தது. அவருடைய வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டன. உறுப்பினராகாமலே அவர் ஏற்ற முதலமைச்சர் பதவி நியமனத்தை 2001 செப்டம்பர் 21இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஓ. பன்னீர்செல்வம் முதன்முறையாக முதலமைச்சரானது இவ்வாறே.

டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. 2002 மார்ச்சில் அவர் மீண்டும் பதவியேற்றார். விடுதலையை 2003 நவம்பர் 24இல் உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், நன்னடத்தை விதிக்குச் சட்ட வலுவில்லை, அதனை மீறியது குற்றமாகாது என்றது. ஆயினும் அவ்விதியின் உணர்வை மீறியது சரிதானா என்பதை அவரே எண்ணிப் பார்க்கவேண்டும் என்றும், மனச்சான்றுக்குக் கழுவாயாக நிலத்தைத் திருப்பியளிக்கவேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. விதிமீறலுக்கெனத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை.