இரண்டாம் அதிர்வு: வள்ளூர்க் கரையிலிருந்து ஒரு பார்வை

2012-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் பிற்பகல் 2 மணி 8 நிமிடத்துக்கு, வடக்குச் சுமத்திராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. சென்னையில் அடுக்குமாடிகளிலும் அலுவலகங்களிலும் இருந்தோர் தெருவுக்கு இறங்கினர். இரண்டு மணி நேரம் கழித்து, 4 மணி 13 நிமிடத்துக்கு, மற்றோர் அதிர்வு. அறிவியலார் அதைப் பின்னதிர்வு என்றனர். ஆயினும் அதன் அளவு 8.2. தனியே நிகழ்ந்திருந்தால் அதுவே அவ்வாண்டின் பெரிய நிலநடுக்கங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டிருக்கும்.

அன்று தமிழகக் கரையில் இரண்டு கேள்விகள் எழுந்தன. கடல் வருமா என்பது முதலாவது. கல்பாக்கமும் கூடங்குளமும் என்ன ஆகும் என்பது இரண்டாவது. முதற்கேள்விக்கு ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கிவந்த ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் விடையளித்தது. எச்சரிக்கை விடப்பட்டு, மாலையில் விலக்கிக்கொள்ளப்பட்டது. நிலத்தட்டுகள் மேலும் கீழுமாக அன்றிப் பக்கவாட்டில் நகர்ந்த நடுக்கம் அது. ஆதலால் பேரலை எழவில்லை. இரண்டாம் கேள்விக்கு, அணுமின் நிலையங்களுக்குப் பாதிப்பில்லை என்ற அறிவிப்பு வந்தது. அது உண்மையே. ஆனால் உண்மையான அவ்வறிவிப்பு ஏன் பலருக்கு ஆறுதல் தரவில்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மரபு கடலை ஒருமுறை வந்து போனதாக நினைவுகொள்ளவில்லை. இறையனார் களவியல் உரை கூறும் முச்சங்க வரலாற்றில் தென்மதுரையைக் கடல் கொண்டது. பின்னர் அமைந்த கபாடபுரத்தையும் கடல் கொண்டது. இதை வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும், முதல் அழிவுக்குப் பின்னும் மனிதன் கடலோரத்திலேயே ஊர் அமைப்பான் என்பதும், இரண்டாம் முறை உண்டு என்பதும் அக்கதையில் இருக்கின்றன.

2004 டிசம்பர் 26 காலை 6 மணி 28 நிமிடத்துக்குச் சுமத்திரா நடுக்கம் நிகழ்ந்தது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் அலை நம் கரையை அடைந்தது. கல்பாக்கத்தின் இரு உலைகளுள் முதலாவது பழுதுபார்ப்புக்காக முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது, இரண்டாவது இயங்கிக்கொண்டிருந்தது. கடலடிச் சுரங்கம் வழியே நீர் எடுக்கும் இறைப்பு நிலையத்துக்குள் கடல் புகுந்தது. பணியில் இருந்தோர் உலையை நிறுத்திப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவந்தனர். வெளியிலிருந்து வரும் மின்சாரம் அற்றுப்போகவில்லை. ஒரு வாரத்தில், 2005 ஜனவரி 2 அன்று, உலை மீண்டும் இயங்கியது. அப்பொறியாளர்களின் பணியைக் குறைத்து மதிப்பிட நமக்கு உரிமையில்லை. ஏனெனில், அதே அலை அவர்கள் குடியிருந்த நகரியத்துக்குள்ளும் புகுந்து உயிர்களைக் கொண்டுசென்றிருந்தது.

ஆனால் அதே வாரத்தில் வேறொன்றும் நடந்தது. டிசம்பர் 30 அன்று, மீண்டும் பேரலை வரக்கூடும் என மத்திய உள்துறையிடமிருந்து எச்சரிக்கை வந்தது. அயல்நாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்று பெரிய பின்னதிர்வுகளை முன்னறிந்ததாகக் கூறியதே அதன் அடிப்படை. நிலநடுக்கம் இன்ன நாளில் வரும் என்று கணிக்கும் அறிவியல் எவரிடமும் இல்லை. ஆயினும் கரையோர ஊர்கள் ஓடின; நிவாரணப் பணிகள் நின்றன. அன்றே அவ்வெச்சரிக்கை ஆதாரமற்றது என்று மறுக்கப்பட்டது. நான்கு நாட்களுக்கு முன் வர வேண்டிய எச்சரிக்கை வரவில்லை. அன்று வேண்டாத எச்சரிக்கை வந்தது. அரசின் சொல்லை எப்போது நம்புவது என்ற ஐயம் மக்கள் மனத்தில் தங்கியதற்கு இந்த நான்கு நாட்களே போதுமானவை.

இனி, அணு உலைக்குப் பின்னதிர்வு ஏன் தனிக் கவலையாகிறது என்பதைக் காண்போம். நிலம் அதிர்ந்தவுடன் உலையை நிறுத்திவிடலாம். அது சில நொடிகளில் முடியும் செயல். ஆனால் நிறுத்தப்பட்ட உலை உடனே குளிர்வதில்லை. பிளவுற்ற அணுக்களின் எச்சங்கள் சிதைந்துகொண்டே இருப்பதால், நிறுத்திய கணத்தில் முழுத்திறனில் ஏறத்தாழ 6 விழுக்காட்டு வெப்பம் எஞ்சியிருக்கும். ஒரு நாளில் அது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும். ஆயினும் நீண்ட காலம் தொடரும். அவ்வெப்பத்தை அகற்ற நீர் ஓட வேண்டும். நீர் ஓட மின்சாரம் வேண்டும். மின்சாரம் தரும் நிலையமே, தன் ஆபத்து வேளையில் வெளியாரின் மின்சாரத்தை நம்பி நிற்கிறது.

இதனை ஜப்பானில் உலகம் கண்டது. 2011 மார்ச் 11 அன்று 9.0 அளவுள்ள நடுக்கம் ஃபுக்குஷிமா உலைகளுக்கு வந்துகொண்டிருந்த வெளி மின்சாரத்தைத் துண்டித்தது. பின் வந்த பேரலை டீசல் மின்னாக்கிகளைச் செயலிழக்கச் செய்தது. அவ்வளவே பெரிதும் பேசப்படுகிறது. ஏப்ரல் 7 இரவில் வந்த 7.1 அளவுப் பின்னதிர்வில், ஒனகாவா நிலையத்தின் எஞ்சியிருந்த மின்வழிகள் சில அற்றன. ஹிகாஷிடோரி நிலையம் வெளி மின்சாரம் முழுவதையும் இழந்து டீசல் மின்னாக்கியைச் சார்ந்தது. ஏப்ரல் 11 அன்று மற்றொரு வலிய பின்னதிர்வு. ஃபுக்குஷிமாவின் மூன்று உலைகளுக்கு இறைத்துக்கொண்டிருந்த நீர் ஏறத்தாழ 50 நிமிடங்கள் நின்றது. சரியாக ஓராண்டு கழித்து, அதே ஏப்ரல் 11-இல், நம் கரையில் மக்கள் தெருவில் நின்றார்கள். அவர்கள் கேட்ட கேள்வி அறியாமையில் பிறந்ததன்று.

முதல் அதிர்வு முழுமையாக இருப்பதைத் தாக்குகிறது. இரண்டாம் அதிர்வோ ஏற்கெனவே விரிசல் கண்ட சுவரையும், ஒட்டுப்போட்ட மின்வழியையும், உறங்காத பணியாளரையும் தாக்குகிறது. கட்டுமானத்தின் வலிமையை முன்னது சோதிக்கிறது. பழுதுபார்ப்பின் வலிமையைப் பின்னது சோதிக்கிறது.

வள்ளூருக்கு இதில் என்ன தொடர்பு? திருவள்ளூர் மாவட்டத்தில் மீஞ்சூரை அடுத்து இருக்கும் இவ்வூர், கல்பாக்கத்திலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 75 கிலோமீட்டர். நம் நாட்டு விதிகளின்படி அணுமின் நிலையத்தின் அவசரகாலத் திட்டப் பரப்பு 16 கிலோமீட்டர். ஜப்பான் அரசு 20 கிலோமீட்டருக்குள் இருந்தோரை வெளியேற்றியது. அமெரிக்க அரசோ அங்கிருந்த தன் குடிமக்களை 80 கிலோமீட்டர் விலகி இருக்கச் சொன்னது. இவற்றுள் ஓர் எண்ணின்படி வள்ளூருக்குக் கவலை வேண்டாம். மற்றோர் எண்ணின்படி அதுவும் வட்டத்துக்குள். இடையில் சென்னை மாநகரம் முழுவதும் இருக்கிறது.

மற்றொரு தொடர்பும் உண்டு. வள்ளூரில் 1500 மெகாவாட் அனல்மின் நிலையம் இருக்கிறது. அருகே அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம். கல்பாக்கத்துக்கு வெளி மின்சாரம் வழங்கும் தொகுப்பில் இவையும் உறுப்புகள். ஒரே கடற்கரையில், ஒரே அலைக்கு முகங்கொடுத்து நிற்பவை இவை. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் நிகழ்ந்த நடுக்கம் சென்னை வரை உணரப்பட்டது. மறு ஆண்டு திருத்தப்பட்ட நில அதிர்வு வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. தென்னகம் அசையா நிலம் என்ற எண்ணம் அத்துடன் தளர்ந்தது.

இரண்டாம் அடி என்பது நிலநடுக்கத்துக்கு மட்டும் உரியதன்று. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கடந்துபோனது. அம்மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் உர ஆலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறிய மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினார்கள். புயலில் இடம்பெயர்ந்த கற்பாறைகள் குழாயைச் சேதப்படுத்தியிருக்கக்கூடும் என்று அரசு அமைத்த வல்லுநர் குழு கருதியது. புயல் முதல் அடி; அது விட்டுச்சென்ற, எவரும் பார்க்காத பழுது இரண்டாம் அடி. ஆழிப்பேரலையின் பத்தொன்பதாம் நினைவுநாளில் அக்கரை மக்கள் மீண்டும் ஓடினார்கள்.

எனவே, அஞ்சுவோரை அறிவியலின் எதிரிகள் என்று ஒதுக்குவது நேர்மையாகாது. அணுமின்சாரம் வேண்டும் என்போரின் வாதத்திலும் உண்மை உண்டு. நிலக்கரிச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தை என்ன செய்தது என்பதை வள்ளூரைவிட நன்கறிந்த ஊர் ஏது? 2012-இல் தமிழகம் கடும் மின்வெட்டில் இருந்ததும் நினைவிருக்கிறது. கூடங்குளத்துக்கு மாநில அரசு இசைவளித்தது அவ்வாண்டு மார்ச் 19 அன்று, நாம் கூறிய பின்னதிர்வுக்கு மூன்று வாரம் முன்னர். இடிந்தகரைப் போராட்டம் தொடர்ந்தது. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் நிலையத்துக்கு அனுமதியளித்து, 15 நெறிமுறைகளையும் விதித்தது.

குறைந்துபோனது நம்பிக்கை. 2003 ஜனவரியில் கல்பாக்கம் மறுசுழற்சி ஆலையில் ஆறு பணியாளர் மிகுகதிர்வீச்சுக்கு ஆளாயினர். அச்செய்தி வெளியுலகை எட்டப் பல மாதங்கள் ஆயின. 2012-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையும் அணுசக்தி ஒழுங்காற்று வாரியத்துக்குப் போதிய தன்னாட்சி இல்லை என்று குறைகூறியது. இத்தகைய பின்புலத்தில் 'பாதிப்பில்லை' என்ற ஒற்றைச் சொல், அது உண்மையாயினும், பாதி வழியே செல்லும்.

அன்று வந்திருக்க வேண்டியது இன்னும் சில வரிகளே. உலை இயங்குகிறதா, நின்றதா. வெளி மின்சாரம் வருகிறதா. இறைப்பு நிலையத்தில் நீர்மட்டம் என்ன. அடுத்த அறிவிப்பு எத்தனை மணிக்கு. 2004-இல் கல்பாக்கத்துப் பொறியாளர்கள் தம் பணியைச் செவ்வனே செய்தார்கள். அதனை அன்றன்றே ஊருக்குச் சொல்லும் வழக்கம் இருந்திருந்தால், 2012-இல் பாதி அச்சம் எழுந்திராது. அத்தகைய வரிகள் மீனவக் குப்பங்களின் ஒலிபெருக்கியில் ஒலிக்கும் நாளில், நிலம் இரண்டாம் முறை அதிர்ந்தாலும் மக்கள் ஓடும் முன் செவிசாய்ப்பார்கள்.